கூப்பிட்டால் வராத நாய்: முதல் மூன்று விநாடியில் எங்கே தவறு என்று கண்டுபிடிப்பது

வீட்டுக்குள் "வா" என்றால் கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்தாவது வந்துவிடும் நாய், வெளியே புல்வெளியில் அதே "வா"வுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான். "நல்லாத்தான் பழக்கினோம், இப்போ திமிர் பிடிச்சிடுச்சு" என்பார்கள். திமிரால் வராத நாயை நான் இதுவரை பார்த்ததில்லை. காது கேட்காத நாயைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு வலித்த நாயைப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று புரிந்து வைத்திருந்த நாய்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நாய் இதில் எந்த வகை என்று தெரிய, கூப்பிட்ட பிறகு முதல் மூன்று விநாடி அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த மூன்று விநாடியில் நாம் இரண்டாவது தடவை கத்திக்கொண்டிருப்போம். அதனால்தான் எதுவும் கண்ணில் படுவதில்லை. அடுத்த முறை ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு முதலில் காதைப் பாருங்கள், அடுத்து தலையை, கடைசியாகக் கால்களை. கீழே உள்ள தலைப்புகளும் ஏறக்குறைய அதே வரிசைதான். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும்.

## நாய் இப்போதே கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது

பின்னால் ஓடாதீர்கள். நீங்கள் துரத்தினால் அதற்கு அது விளையாட்டு, அந்த விளையாட்டில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. எதிர்ப்பக்கம் திரும்பி, உற்சாகமாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுங்கள். நாய் நின்று பார்த்தால் குந்தி உட்காருங்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணை நேராகப் பார்க்காமல், தரையில் எதையோ கண்டெடுத்தது போலக் கிளறுங்கள். "அங்கே என்ன இருக்கிறது?" என்று மெல்ல வந்து மூக்கை நுழைக்கும். "வா"வுக்கு வராத சில நாய்கள் "உட்கார்" என்றால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அதையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்துவிட்டால் நீங்கள் நிதானமாக நடந்து போகலாம்.

கைக்கு வந்ததும் திட்டக் கூடாது, எவ்வளவு ஓடவிட்டிருந்தாலும். நாயைப் பொறுத்தவரை ஓடியதற்காக நீங்கள் திட்டவில்லை, வந்ததற்காகத்தான் திட்டினீர்கள்.

இதைச் சரிசெய்யும் வரை கயிறில்லாமல் விடுவதை நிறுத்திவிடுங்கள். 10 மீட்டர் அளவுக்கு ஒரு நீளக் கயிறு வாங்கி, அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னஸின் முதுகுப்பக்க வளையத்தில் மாட்டுங்கள். ஓடிப்போய் கயிறு முடியும் இடத்தில் விழும் வெட்டு கழுத்தில் விழக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். விரல் தோல் உரிந்துவிடும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. தானாக நீண்டு சுருங்கும் லீஷ் இதற்கு ஆகாது. அதன் பிளாஸ்டிக் கைப்பிடி நழுவி விழுந்தால் தரையில் தடதடவென்று நாயின் பின்னாலேயே ஓடிவரும். அந்தச் சத்தத்துக்கு மிரண்டு நிற்காமல் ஓடிய நாயை நான் பார்த்திருக்கிறேன்.

## காது கூட அசையவில்லை

கூப்பிட்டீர்கள்; காது திரும்பவில்லை, தலை நிமிரவில்லை, வாலாட்டத்தின் வேகம் கூட மாறவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு. இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டுவிட்டு அலட்சியம் செய்யும் நாயின் காது, அதையும் அறியாமல், ஒரு நொடியாவது உங்கள் பக்கம் திரும்பும். காதே அசையாவிட்டால் செய்தி போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

### மூக்கு வேலையில் இருக்கிறதா?

மிக எளிய காரணம் இது, இதுதான் அதிகமும். மூக்கு தரையில் பதிந்து, மூச்சு "ஃப்ஃப் ஃப்ஃப்" என்று வேகமாக ஓடும்போது நாய்க்கு மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். பீகிள் போன்ற மோப்ப இனங்களில் இது இன்னும் கூடுதல். சோதனை: மூன்று மீட்டர் அருகில் போய் உதட்டால் முத்தச் சத்தம் எழுப்புங்கள். சட்டென்று நிமிர்ந்தால் காதில் குறையில்லை.

மூக்கு மண்ணில் இருக்கும்போது கூப்பிடாதீர்கள். ஒரு மோப்பம் முடிந்து தலை தூக்கும் அந்த நொடிக்குக் காத்திருந்து கூப்பிடுங்கள். வந்ததும் ஏதாவது கொடுத்துவிட்டு, "போ" என்று அதே மோப்பத்துக்கே திருப்பி அனுப்புங்கள். தீனியைவிடப் பெரிய கூலி அது.

### காற்றும் தூரமும்

காற்று நாயின் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசினால் உங்கள் குரல் பின்னோக்கி அடித்துக்கொண்டு போகும். சுவர்களுக்கு நடுவே எதிரொலி குழப்பும். மனிதன் கேட்காத உச்சஸ்தாயியை எல்லாம் நாய் கேட்கும், 45,000 ஹெர்ட்ஸ் வரை. ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவதில் நாம்தான் கெட்டிக்காரர்கள். நமக்கு ஒரு பாகை வித்தியாசம் போதும், நாய்க்குச் சுமார் 8 பாகை வேண்டும். எனவே கேட்டும் உங்களைத் தேடித் தடுமாறும் நாய் உண்டு. கையை அகலமாக விரித்து அசையுங்கள். நின்ற இடத்தில் நிற்காமல் நகருங்கள். அசைவு அதன் கண்ணில் சீக்கிரம் படும்.

### சொல் தேய்ந்துவிட்டது

ஒரு நாள் நடைப்பயிற்சியில் "வா" எத்தனை தடவை சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். "வா, வாடா, வா வா, இங்க வா, ஏய் வான்னு சொன்னேன்ல!" நாற்பது தடவை சொல்லி, அதில் முப்பத்தைந்து தடவை எதுவுமே நடக்கவில்லை என்றால் அந்தச் சொல் நாய்க்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும், அதனால் கேட்காது.

சோதனை சுலபம். வீட்டில் நாய் சும்மா படுத்திருக்கும்போது "வா" என்று ஒரு தடவை. பத்து நிமிடம் கழித்து, அது இதுவரை கேட்டிராத ஒரு சத்தம், விசில் ஒலியோ புதுச் சொல்லோ. இரண்டாவதற்குத் தலை வேகமாக நிமிர்ந்தால் காது நன்றாக இருக்கிறது, சொல்தான் செத்துவிட்டது. பழைய சொல்லைத் தட்டி எழுப்ப மெனக்கெடாமல் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். நான் விசிலைத்தான் சொல்வேன். அதில் நம் கோபம் ஏறாது, வீட்டில் யார் ஊதினாலும் ஒரே மாதிரி இருக்கும். முதல் ஒரு வாரம் வீட்டுக்குள் மட்டும்: விசில், உடனே கறித்துண்டு. நாய் ஏற்கெனவே உங்கள் அருகில் இருந்தாலும் சரி. நாய் நிச்சயம் வராது என்று தெரிந்த இடத்தில் விசிலை வாயில் வைக்கவே வைக்காதீர்கள்.

### காதேதான் பிரச்சினை

இங்கேதான் செலவு ஆரம்பிக்கிறது. காது மடலைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு, கறுப்பு அழுக்கு, புளித்த வாடை, தலையை அடிக்கடி உதறுவது, தொட்டால் முனகுவது, இதில் எது இருந்தாலும் காதில் தொற்றாக இருக்கலாம். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுக் குடையாதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள்.

காது சுத்தமாக இருந்தும் சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். நாய் தூங்கும்போது, அது உங்களைப் பார்க்க முடியாத அடுத்த அறையில் நின்று, பிஸ்கட் பொட்டலத்தைச் சரசரக்கவைப்பது, சாவிக்கொத்தைக் குலுக்குவது, சாதாரணக் குரலில் பேர் சொல்வது என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. பக்கத்தில் நின்று கை தட்டிச் சோதிக்க வேண்டாம். காற்றின் அசைவையும் தரையின் அதிர்வையும் உணர்ந்தே நாய் எழுந்துவிடும், காது நன்றாக இருக்கிறது என்று நீங்கள் ஏமாந்துபோவீர்கள். வயதான நாய்களில் கீச்சென்ற மேல்ஸ்தாயிச் சத்தங்கள்தான் முதலில் மங்கத் தொடங்கும். அதனால் விசிலுக்கு வராத கிழநாய் ஆண்குரலுக்கு வருவதுண்டு. டால்மேஷியன் போல வெள்ளை அதிகமுள்ள நாய்களில் பிறவியிலேயே ஒரு காதோ இரண்டுமோ கேட்காமல் இருக்கலாம். ஒரு காது மட்டும் கேட்கும் நாய், கூப்பிட்டதும் நிமிர்ந்துவிட்டு, தவறான திசையில் ஓடும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பேயர் என்று ஒரு சோதனை இருக்கிறது. காதில் 'டிக் டிக்' ஒலியைக் கொடுத்து, தலையில் செருகிய மெல்லிய ஊசிகள் வழியாக மூளைத்தண்டு பதில் சொல்கிறதா என்று கருவி பதிவு செய்யும். எல்லா மருத்துவமனையிலும் இருக்காது, மருத்துவர்தான் அனுப்பிவைப்பார். கேட்கவில்லை என்று உறுதியானால் கூப்பிடும் முறையை மாற்றிக்கொள்ளலாம். பகலில் கை சைகை, இருட்டில் டார்ச் வெளிச்சம், முதுகு திரும்பியிருந்தால் அதிரும் பட்டை (ஷாக் கொடுப்பது அல்ல, கைப்பேசி போல அதிர மட்டும் செய்வது). ஆனால் அந்த நாயைத் திறந்த வெளியில் கயிறில்லாமல் விடுவது இனி முடியாது.

## திரும்பிப் பார்க்கிறது, பிறகு தன் பாட்டுக்குப் போகிறது

என்னிடம் வருவதில் மிக அதிகமானது இதுதான். காது திரும்பியது, தலையும் திரும்பியது, கண்ணும் கண்ணும் பார்த்தாகிவிட்டது. பிறகு நாய் "சரி, கேட்டது" என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. சொந்தக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வரும் இடம் இதுதான். கோபப்பட ஒன்றுமில்லை. அந்த ஒரு விநாடியில் நாய் கணக்குப் போட்டது, உங்கள் பக்கம் லாபம் இல்லை என்று விடை வந்தது. கணக்கு ஏன் அப்படி வந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

### கூலி குறைவு

புதருக்குள் அணில். உங்கள் கையில் காலையில் தட்டில் போட்ட அதே உலர்தீனி. நானாக இருந்தாலும் அணிலைத்தான் பார்ப்பேன்.

சோதனை: அதே இடம், அதே தூரம், ஆனால் இந்தத் தடவை வேகவைத்த கோழிக்கறி. உப்பு, வெங்காயம் எதுவும் சேர்க்காதது. பட்டாணி அளவுத் துண்டு போதும். முதல் தடவை அதற்குத் தெரிய வாய்ப்பில்லை, வந்த பிறகுதான் தெரியும். நான்காவது ஐந்தாவது தடவையில் வேகம் கூடினால் கூலிதான் பிரச்சினை. கறியை முன்னாலேயே தூக்கிக் காட்டிக் கூப்பிடாதீர்கள். காட்டினால் வரும், காட்டாவிட்டால் வராது என்று நாய் கற்றுக்கொள்ளும். ஒரு நாளில் இப்படிக் கொடுக்கும் தின்பண்டம் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தட்டில் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கொடுக்கும் வேகம். நாய் வந்து நிற்கிறது. நீங்கள் பைக்குள் கைவிட்டு, பாலித்தீன் உறையைப் பிரித்து, துண்டு கிள்ளி எடுப்பதற்குள் ஐந்து விநாடி ஓடிவிடும். அதற்குள் நாய் பக்கத்து மரத்தைப் பார்த்திருக்கும், ஒரு தடவை குரைத்திருக்கும். கூலி அந்தக் குரைப்புக்குப் போய்ச் சேரும். வாய் திறந்திருக்கும் இடுப்புப் பை ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும்.

### "வா" என்றால் "ஆட்டம் முடிந்தது"

என் சொந்த நாயிடமே நான் மாட்டிக்கொண்ட இடம் இது. மணி நாலு வயது வரை கூப்பிட்டால் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும். பிறகு மெல்ல மெல்லப் பின்வாங்கியது. முதலில் பாதி வழியில் நின்றது, அடுத்து திரும்பிப் பார்த்ததோடு சரி. காது, கண், கால் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஒரு வாரம் காகிதத்தில் எழுதி வைத்தேன்: வெளியில் எத்தனை தடவை கூப்பிட்டேன், கூப்பிட்டு என்ன செய்தேன். பதினொரு தடவை கூப்பிட்டிருந்தேன். அதில் ஒன்பது தடவை கயிற்றை மாட்டி வீட்டுக்குத் திருப்பியிருந்தேன். ஒரு தடவை காதில் மருந்து விட்டிருந்தேன்.

அதற்கும் அடுத்த நாள்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. மணி என்னை நோக்கி நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. என் கட்டைவிரல் கயிற்றுக் கொக்கியின் நாக்கைப் பின்னால் இழுத்தது. "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தில் நாலு காலும் ஒரே சமயம் நின்றது. வால் பாதியில் தொங்கியது. பிறகு ஒரு புல் நுனியை மோந்து பார்க்க மிக அவசரமான வேலை வந்துவிட்டது அதற்கு. மாதக்கணக்கில் நாய் என் வாயைக் கவனிக்கிறது என்று நினைத்திருந்தேன். அது கவனித்தது என் கட்டைவிரலை.

சரிசெய்யும் முறை: பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை கறி கொடுத்து அப்படியே விட்டுவிட வேண்டும். கொக்கியைத் திறந்து, மாட்டி, கறி கொடுத்து, உடனே கழற்றி "போ" என்று அனுப்ப வேண்டும். ஒரு நடையில் நாலைந்து தடவை. கிளம்பும் நேரத்தையும் மாற்றுங்கள். கூப்பிட்டவுடன் வீடு என்றில்லாமல், கூப்பிட்டு, மாட்டி, இன்னொரு சுற்று நடந்து, பிறகு கிளம்புங்கள். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, மருந்து, இவற்றுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது, நாய் இருக்கும் இடத்துக்கு நீங்களே போங்கள். மணிக்கு மூன்று வாரம் ஆயிற்று. கொக்கிச் சத்தம் கேட்டால் இப்போது வாயைத் திறந்துகொண்டு வருகிறது.

### வயது

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையான நாய் என்றால், மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் வராமல் போகலாம். 2020-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 5 மாதத்தில் "உட்கார்" என்றால் உட்கார்ந்த நாய்கள் 8 மாதத்தில் வளர்ப்பவரின் சொல்லை அதிகமாகத் தட்டின. வேற்று ஆள் சொன்னால் அப்படித் தட்டவில்லை. பருவ வயதுப் பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் நீளக் கயிறு, நல்ல கூலி, பொறுமை, இவ்வளவுதான். பயிற்சியை நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. கயிறில்லாமல் ஓடிப்போய்ப் பழகிய ஒவ்வொரு நாளும் பிறகு திருத்த வேண்டிய நாள்.

மேலே உள்ள மூன்றையும் ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லையென்றால் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம், பணம்தான் வீண். அவரும் முதல் மாதம் இதையேதான் செய்யச் சொல்வார்.

## வருகிறது, ஆனால் இரண்டடி தள்ளி நின்று போக்குக் காட்டுகிறது

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நாய்க்கு உங்களிடம் வரப் பிடித்திருக்கிறது, பிடிபடப் பிடிக்கவில்லை. காரணம் அனேகமாக உங்கள் கை. வந்தவுடன் குனிந்து, தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய்ப் பட்டையைப் பற்றினால் எந்த நாயும் அடுத்த தடவை ஒரு எட்டு பின்னால்தான் நிற்கும்.

வீட்டில் நாய் சும்மா இருக்கும்போது தாடைக்குக் கீழிருந்து கையைக் கொண்டுபோய்ப் பட்டையைத் தொட்டு, கறி கொடுங்கள். அடுத்து பிடித்து, கறி. பிடித்து மெல்ல இழுத்து, கறி. ஒரு நாளைக்கு இருபது தடவை, ஒரு வாரம். வெளியில் கறியை உங்கள் முழங்காலை ஒட்டி வைத்துக் கொடுங்கள். கையை நீட்டிக் கொடுத்தால் நீட்டிய தூரத்திலேயே நிற்கக் கற்றுக்கொள்ளும்.

தொடும்போது உறுமினாலோ, கழுத்தருகே ஒரே இடத்தில் தொட்டால் மட்டும் சிலிர்த்தாலோ, பயிற்சியை நிறுத்துங்கள். அங்கே வலி இருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும்.

## வீட்டில் நூற்றுக்கு நூறு, வெளியில் பூஜ்யம்

இது கோளாறே இல்லை. "வா" என்பது நாய்க்குக் கூடத்தில் கற்ற பாடம், கூடத்தில் மட்டும் செல்லும். மைதானத்தில் அதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். கூடம், வாசல், ஆளில்லாத நேரத்துத் தெரு, தூரத்தில் ஒரு நாய் தெரியும் மைதானம் என்று படிப்படியாக ஏறுங்கள். எல்லாம் நீளக் கயிற்றில். ஒரு படியில் பத்துக்கு எட்டுத் தடவை முதல் அழைப்பிலேயே வந்தால்தான் அடுத்த படி. இரண்டு தடவை அடுத்தடுத்துத் தவறினால் ஒரு படி இறங்குங்கள். இவ்வளவுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. கூடத்திலிருந்து நேராக மைதானத்துக்குப் போய்க் கயிற்றைக் கழற்றுவார்கள்.

## உங்களிடம் வரும், வீட்டில் மற்றவர்களிடம் வராது

ஒருவர் "வா", ஒருவர் "கம்", பையன் "டேய்". ஒரே சொல்லுக்கு வாருங்கள். பிறகு ஒரு வாரம் நீங்கள் கறி கொடுக்காமல் அவர்களை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். சரியாகிவிடும்.

## எதையாவது துரத்தும்போது மட்டும் வராது

துரத்தல் தொடங்கிவிட்டால் கூப்பிடுவது பெரும்பாலும் வீண். பார்ப்பது, உறைந்து நிற்பது, பதுங்கி நகர்வது, துரத்துவது என்று வேட்டைக்கு ஒரு வரிசை உண்டு. துரத்தும் படிக்கு வந்துவிட்ட நாயிடம் கறியைக் காட்டி என்ன பயன்? அந்த ஓட்டமே அதற்குக் கறியைவிட ருசி. கிரேஹவுண்ட் மாதிரி, கண்ணால் பார்த்துத் துரத்தவே வளர்க்கப்பட்ட இனங்களில் இந்த வரிசை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

கூப்பிட வேண்டிய நேரம் உறைந்து நிற்கும் அந்த ஒரு நொடி. கழுத்து நீளும், வாய் மூடும், ஒரு முன்னங்கால் மடங்கித் தூக்கி நிற்கும். வாய் மூடுவதுதான் எனக்கு நம்பகமான அடையாளம். இளைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடினால் எதையோ பார்த்துவிட்டது. அப்போதே கூப்பிட்டு, வந்தால் கையில் இருக்கும் மொத்தக் கறியையும் கொட்டிவிடுங்கள். ஒரு பொம்மையை வீசித் துரத்தவிட்டால் இன்னும் நல்லது, ஆசை தீரும்.

இரண்டாவது வழி "நில்". ஓடும் நாயைத் திரும்பி வரச் சொல்வதைவிட இருக்கும் இடத்தில் நிற்கச் சொல்வது அதற்கு எளிது. பந்து வீசி விளையாடும்போதே பழக்கலாம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஆடுமாட்டையோ கோழியையோ சின்ன நாயையோ ஒரு தடவையாவது கடித்திருந்தால், ஓடும் குழந்தைகளையும் சைக்கிளையும் துரத்த ஆரம்பித்திருந்தால், நீங்களாக முயல வேண்டாம். வாய்மூடி போட்டுப் பழக்குங்கள், நாய்களின் நடத்தைக் கோளாறுகளைப் பார்க்கும் நிபுணரிடம் போங்கள்.

## வருகிறது, ஆனால் ஆடி அசைந்து

இதில் இரண்டு வகை, நடையைப் பார்த்தே பிரிக்கலாம்.

வளைந்து வளைந்து வந்து, வழியில் தரையை மோந்து, கொட்டாவி விட்டு, உதட்டை நக்கிக்கொண்டு வந்தால் அது உங்கள் முகத்தைப் படிக்கிறது. குரலில் கோபம் இருக்கிறது, "நான் சண்டைக்கு வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே வருகிறது. உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். பலர் அதிர்ந்துபோவார்கள். குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, மென்மையாகக் கூப்பிட்டால் அன்றே நேராக வரும்.

நேராகத்தான் வருகிறது, ஆனால் முன்பு ஓடிய தூரத்தை இப்போது நடக்கிறது என்றால் உடம்பைப் பாருங்கள். படுத்து எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா, படியேறத் தயங்குகிறதா, நடையின் முதல் பத்து நிமிடம் விறைப்பாக இருந்து பிறகு சரியாகிறதா, ஒரு மூட்டை மட்டும் நக்கிக்கொண்டே இருக்கிறதா? மூட்டு வலிக்கு இவைதான் அடையாளம். நாய் வலியில் கத்தும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் கத்தாது, வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். மனிதர்களுக்கான வலிமாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், சில உயிரையே வாங்கிவிடும்.

## நேற்று வரை வந்தது, இன்று திடீரென்று வரவில்லை

நாள் சொல்ல முடிகிறது என்றால் பயிற்சியை விட்டுவிட்டு, அந்த நாளில் என்ன நடந்தது என்று தேடுங்கள்.

வெடிச்சத்தம், இடி, வேறு நாய் கடிக்க வந்தது: பயந்த நாய் வராது, நீட்டிய கறியையும் தொடாது. கறியைத் தொடாததே சோதனை. அந்த இடத்தைச் சில வாரம் தவிர்த்து, தூரத்திலிருந்து மெல்ல நெருங்குங்கள். சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாய்க்கு இரட்டைக் கயிறும் (ஒன்று பட்டையில், ஒன்று ஹார்னஸில்), பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணும் அவசியம்.

ஆண் நாய், கருத்தடை செய்யாதது, மூக்கைக் காற்றில் தூக்கிக்கொண்டு ஒரே திசையில் இழுக்கிறது: அக்கம்பக்கத்தில் பெண் நாய் பருவத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் கயிற்றில்தான். கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசலாம், ஆனால் அதைச் செய்தால் கூப்பிட்டதும் வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

பகலில் வருகிறது, அந்தி சாய்ந்தால் வருவதில்லை, அல்லது உங்களைத் தாண்டிப் போய்த் தேடுகிறது: கண். மங்கிய வெளிச்சத்தில் பார்வை முதலில் குறையும் நோய்கள் உண்டு. வீட்டில் விளக்கைக் குறைத்துவிட்டு, வழியில் ஒரு நாற்காலியைப் போட்டு நடக்கவிட்டுப் பாருங்கள். மோதினால் அந்த வாரமே மருத்துவர்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து நடப்பது, வட்டமடிப்பது, பேர் சொன்னால் வெறித்துப் பார்ப்பது, விழுந்து இழுப்பது: இதில் எதுவும் நாளைக்குக் காத்திருக்காது. கிழநாய் மூலையில் போய் நின்றுவிடுவது, இரவில் உறங்காமல் அலைவது என்றால் மூளை முதுமை இருக்கலாம். அவசரம் இல்லை, ஆனால் காட்ட வேண்டும்.

## ஷாக் பட்டை போடலாமா?

எல்லோரும் கடைசியில் கேட்பது. என் பதில் வேண்டாம். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெளியில் கூப்பிட்டால் வராதது முதலான புகார்களுடன் வந்த 63 நாய்களை எடுத்துப் பார்த்தார்கள். கூலி கொடுத்துப் பழக்கியவைதான் குறைந்த அழைப்பில், சீக்கிரம் சொல் கேட்டன. வேல்ஸில் 2010-லேயே இந்தப் பட்டைக்குத் தடை. நடைமுறையில் நான் பார்க்கும் சிக்கல் வேறு. ஷாக் விழும் நொடியில் நாய் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதற்குத்தான் பயப்படும். எதிரே வரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு.

## நிபுணரிடம் போகும்போது

மருத்துவமோ பயிற்சியோ, முதலில் கேட்கப்படும் கேள்வி "கூப்பிட்டதும் என்ன செய்கிறது?" என்பதுதான். "வரவே மாட்டேங்குது" என்ற பதிலை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. இன்னொருவரைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்களும் நாயும் சேர்ந்து தெரிய வேண்டும், சத்தம் பதிவாக வேண்டும், கூப்பிடுவதற்குப் பத்து விநாடி முன்பே தொடங்க வேண்டும். மூன்று வெவ்வேறு இடத்தில் மூன்று துண்டு போதும். எந்த வாரத்திலிருந்து, எந்த நேரத்தில், வீட்டில் என்ன மாறியது, என்ன மருந்து ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி நீங்கள் கேட்க வேண்டும்: "என் நாய் தவறு செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" கயிற்றைச் சுண்டி இழுப்பேன், முள் பட்டை போடுவேன் என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.